நடக்காத லைனுக்கு நம்பர் போட்டுட்டேன், இனி இந்த வேலைல இருக்கலாமா?

ஒரு தங்கச்சி எழுதின கடிதம் இது. பேரு வேண்டாம்னு கேட்டதால பேரை எடுத்துட்டு சுருக்கி போடுறேன்.

"அக்கா, விலங்கியல் படிச்சு முடிச்சுட்டு ஒரு காட்டுயிர் கணக்கெடுப்பு ப்ராஜெக்ட்ல ஃபீல்டு டெக்னீஷியனா சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஆறு மாச கான்ட்ராக்ட். மிருகங்களோடயே இருக்கலாம்னு ஆசைப்பட்டுதான் வந்தேன், ஆனா இதுவரைக்கும் தூரத்துல ஓடுற மானைத் தவிர எதையும் பார்க்கல. மிருகம் நடந்தா தானா படம் எடுக்க காட்டுல வச்சிருக்குற கேமராவுக்கு பேட்டரி மாத்துறது, விட்டை பொறுக்குறது, ஷீட் எழுதுறது, இவ்வளவுதான் வேலை. போன வாரம் விடாத மழை, ஒரு லைனை, அதாவது மிருகங்களை எண்ணிக்கிட்டே நடக்க காட்டுல குறிச்சு வச்ச நேர்கோட்டுப் பாதையை, நடக்கவே முடியல. கூட வர்ற சீனியர் அண்ணன், போன தடவை எழுதினதையே லேசா மாத்திப் போட்டுரு, யாருக்கு தெரியப்போகுதுன்னு சொன்னார். நானும் போட்டுட்டேன். அதுலேர்ந்து சரியா தூக்கமே இல்ல. சொன்னா வேலை போயிடுமா? இந்த வேலைக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருக்கா? ஆபீஸ் வேலை பார்க்கலாம்லன்னு வீட்ல வேற தினமும் கேக்குறாங்க."

அக்கான்னு கூப்பிட்டதால நீ, வான்னே எழுதுறேன், தப்பா எடுத்துக்காத. மூணு கேள்வி கேட்டிருக்க, ஆனா உன் தூக்கத்தைக் கெடுக்குறது ஒண்ணுதான், அதை முதல்ல முடிச்சுடுவோம்.

சொல்லிடு. இன்னைக்கே சொல்லிடு. நாளைக்கு தள்ளினா அந்த ஷீட் கம்ப்யூட்டர்ல ஏறிடும், அடுத்த மாசம் அது ஒரு எக்செல் வரிசைல பத்தோட பதினொண்ணா உக்காந்துடும், அதுக்கப்புறம் அதை லேசுல தனியா அடையாளம் காண முடியாது. இப்போ ஒரே ஒரு ஷீட்தான், ஒரே ஒரு மெயில்ல சரியாகுற விஷயம்.

எப்படி சொல்றதுன்னும் சொல்றேன். ப்ராஜெக்ட் ஆராய்ச்சியாளருக்கு நேரா எழுது, பெரிய மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். தேதி, லைன் நம்பர் போட்டு, "அன்னைக்கு மழையால இந்த லைன் நடக்கப்படல, ஷீட்ல இருக்குற பதிவு உண்மையானது இல்ல, எழுதினது நான்தான், கணக்குல சேர்க்க வேண்டாம், மாத்து நாள் கிடைச்சா நடந்து முடிச்சுத் தர்றேன்"னு நாலு வரி போதும். அனுப்புறதுக்கு முன்னாடி அந்த சீனியர்கிட்ட நேர்ல போய், அண்ணே நான் இதை சொல்லப்போறேன்னு சொல்லிட்டு அனுப்பு. அவர் பேரை மெயில்ல நீயா இழுக்காத, கேட்டா மறைக்காத. பேப்பர் ஷீட் இன்னும் உன்கிட்ட இருந்தா அழிக்காத, கிழிக்காத, புதுசா ஒண்ணு எழுதி வைக்காத. உள்ள இருக்குறது படிக்கிற மாதிரியே மேல ஒரு கோடு போட்டு, பக்கத்துல "நடக்கல, மழை"ன்னு எழுதி, தேதியும் உன் கையெழுத்தும் போடு. தப்பு நடந்ததும் தெரியணும், திருத்தினதும் தெரியணும், அதான் முறை.

வேலை போயிடுமான்னா, போகவே போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா நான் டீம் நடத்தின வருஷங்கள்ல தானா வந்து சொன்ன யாரையும் அனுப்பினது கிடையாது. ஒரு பையன் சொல்லாம வச்சிருந்தான், ஜிபிஎஸ் டிராக்கை எடுத்துப் பார்த்தப்போ அன்னைக்கு காலைல முழுக்க அவன் கேம்ப்லயே இருந்தது தெரிஞ்சுது. அந்த ஒரு நாளுக்காக அவன் செஞ்ச நாலு மாச வேலையும் சந்தேகத்துக்கு போயிடுச்சு, அதுல பாதி நிஜமாவே அவன் நடந்ததுதான், ஆனா எது நிஜம்னு பிரிக்க வழியில்லாம மொத்தத்தையும் ஒதுக்க வேண்டியதாயிடுச்சு. இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு வயிறு எரியும். இன்னொண்ணு, மனசுல இட்டுக்கட்டுற நம்பருக்குன்னு ஒரு சாயல் இருக்கு. மிருகம் நின்ன தூரமெல்லாம் 20, 25, 30, 50ன்னு அஞ்சோட மடங்காவே வரும், நிஜத்துல அளந்தா 17, 23, 41ன்னு வரும். படம் போட்டுப் பார்க்குற புள்ளியியல் ஆளுக்கு அது கண்ணுல குத்தும். யாருக்கு தெரியப்போகுதுன்னு உங்க அண்ணன் சொன்னது அவ்வளவு உறுதியான பேச்சு இல்ல.

ஆனா மாட்டிக்குவோம்னு பயந்து சொல்லாத. ஒரே ஒரு லைன்தானேன்னு நமக்கு தோணும், அதுல என்ன கெட்டுப்போகுதுன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், பேப்பர்ல நீயும் போட்டுப் பாரு.

பத்து லைன், ஒவ்வொண்ணும் 2 கிலோமீட்டர், ஒவ்வொண்ணையும் ஆறு தடவை நடக்கணும்னு வச்சுக்கோ. மொத்தம் 120 கிலோமீட்டர். 72 மான் கூட்டம் பார்த்தாச்சு. கண்ணுக்கு பிடிபடுற அகலத்தை கணக்கு பண்ணதுல லைனுக்கு ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர்னு வந்தா, ரெண்டு பக்கமும் சேர்த்து 60 மீட்டர், அதை 120 கிலோமீட்டரால பெருக்கினா 7.2 சதுர கிலோமீட்டர். 72ஐ 7.2ஆல வகுத்தா சதுர கிலோமீட்டருக்கு 10 கூட்டம். இப்போ அந்த 120ல 12 கிலோமீட்டர் யாருமே நடக்கல, ஆனா "நடந்தோம், எதுவும் தென்படல"ன்னு சைபர் போட்டிருக்காங்கன்னு வை. நிஜமா நடந்தது 108 கிலோமீட்டர்தான், அதாவது 6.48 சதுர கிலோமீட்டர், அப்போ உண்மையான விடை 11க்கு மேல. ஒரு மான்கூட சாகாமலே காட்டுல பத்துல ஒரு கூட்டம் காணாமப் போயிடுச்சு பாரு. பாக்குறவங்க வேட்டையா நோயான்னு தேடிட்டு இருப்பாங்க.

நீ செஞ்சது இதுக்கு நேர் எதிர், போன தடவை நம்பரையே போட்டது. அது இன்னும் மோசம்னுதான் சொல்லுவேன். நம்ம கணக்கெடுப்பு எதுக்குன்னா போன தடவைக்கும் இந்த தடவைக்கும் ஏதாவது மாறியிருக்கான்னு பார்க்கத்தான், அந்த மாற்றத்தையே பழைய நம்பர் துடைச்சுப் போட்டுடும். நிஜமாவே மான் குறைஞ்சுட்டு வந்தாலும் ஷீட்ல எல்லாம் நல்லா இருக்கும்.

அதனால மூணு விஷயத்தை எப்பவும் தனித்தனியா வச்சுக்கோ. நடந்தேன், பார்த்தேன். நடந்தேன், எதுவும் தென்படல. நடக்கவே இல்ல. ரெண்டாவது சைபர், அது பெரிய தகவல், வெறும் கையோட வந்துட்டோம்னு அதை எழுத வெக்கப்படவே கூடாது. மூணாவதுக்கு எந்த நம்பரும் கிடையாது, காலி கட்டம், பக்கத்துல காரணம். காலி கட்டம் விட்டா சோம்பேறின்னு நினைப்பாங்களோன்னு புதுசா வர்ற எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு.

காலி கட்டத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். சார்லஸ் டேவிட் கீலிங்னு ஒரு விஞ்ஞானி, ஹவாய் தீவுல மௌனா லோவா எரிமலை மேல 1958லேர்ந்து காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பிச்சார், அவரோட அளவீடு இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. ஆரம்பத்துல பத்து லட்சத்துல 313 பங்கு சொச்சம் இருந்தது இப்போ 420ஐத் தாண்டிடுச்சு, பூமி சூடாகுறதைப் பத்தி பேசுற எல்லாரும் காட்டுற வளைகோடு அதுதான். அந்தப் பட்டியலை எடுத்துப் பாரு, 1964ல பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூணு மாசமும் இருக்காது. நிதியை வெட்டினதால அளக்க முடியாமப் போச்சு, அந்த இடத்துல மைனஸ் 99.99னு போட்டு இங்க தகவல் இல்லன்னு காட்டியிருக்காங்க. கணக்குக்காக நடுவுல இட்டு நிரப்பின எண்ணை தனி நெடுவரிசைல, இது நிரப்பினதுன்னு சொல்லியே வச்சிருக்காங்க. உலகத்துலயே பேர்போன அளவீட்டுல மூணு மாசம் காலியா இருக்கலாம்னா, உன் லைன்ல ஒரு நாள் மழை இருந்தா என்ன இப்போ?

அந்த அண்ணனைப் பத்தியும் ஒரு வார்த்தை. அவரைக் கெட்டவர்னு முடிவு கட்டாத. பல இடத்துல அட்டவணை போடும்போதே மழைக்கு, காய்ச்சலுக்கு, வண்டி ரிப்பேருக்கு ஒரு நாள்கூட விடமாட்டாங்க, முடிக்கலன்னா ஏன் முடிக்கலன்னு மட்டும் கேப்பாங்க. அப்படியே நாலஞ்சு சீசன் ஓட்டினவங்களுக்கு கை தானா எழுதப் பழகிடும். அதனால மெயில் முடிஞ்ச கையோட இன்னொண்ணும் கேளு, மாசத்துக்கு ரெண்டு மூணு நாள் மாத்து நாளா ஒதுக்கித் தாங்கன்னு. இது உனக்கு மட்டும் இல்ல, அவருக்கும் சேர்த்துத்தான். ஒருவேளை ஆராய்ச்சியாளரே "பரவால்ல விடு, அப்படியே இருக்கட்டும்"னு சொன்னார்னா, அனுப்பின மெயிலை பத்திரமா வச்சுக்கிட்டு கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வேற இடம் பாரு, அங்க கத்துக்க ஒண்ணும் இல்ல.

சரி, மிருகமே பார்க்கலங்கிற வருத்தத்துக்கு வர்றேன்.

இது ரொம்ப நியாயமான வருத்தம், இதுக்குன்னுதானே எல்லாரும் வர்றோம். ஆனா இந்த வேலைல மிருகம் நம்மகிட்ட வர்றது பெரும்பாலும் அது போனதுக்கு அப்புறம்தான். தடம், பிறாண்டல், கடிச்சுப் போட்ட கொப்பு, விட்டை. விட்டை பொறுக்குறேன்னு அலுத்துக்கிட்டியே, ஒரு புது விட்டையோட வெளிப்பக்கம் மினுமினுன்னு ஒரு பூச்சு இருக்கும் பாரு, அதுல அந்த மிருகத்தோட குடல் செல்கள் ஒட்டியிருக்கு, டிஎன்ஏ அங்கேர்ந்துதான் எடுக்குறாங்க. எந்த இனம், ஆணா பெண்ணா, போன மாசம் அடுத்த பள்ளத்துல கிடந்ததும் இதே ஆள்தானா, எல்லாம் அதுலேர்ந்து சொல்லிடலாம். உள்ள இருக்குற முடியும் எலும்புத் துண்டும் சாப்பாட்டைச் சொல்லும். கண்ணால அரை நிமிஷம் பார்க்குறதுல இவ்வளவு தெரியாது. கையுறை இல்லாம மட்டும் தொடாத, ஊனுண்ணி விட்டைல நாடாப்புழு முட்டை இருக்கும், சிலது மனுஷன் ஈரல்ல நுழைஞ்சு கட்டியா வளரும். குப்பிக்குள்ள போடுற லேபிளை பென்சில்ல எழுது, பேனா வேண்டாம், மார்க்கர் வேண்டவே வேண்டாம், விட்டை கெடாம இருக்க ஊத்துற எத்தனால் ஒரு சொட்டு சிந்தினா போதும் மை கரைஞ்சு எல்லா குப்பியும் அனாதை ஆயிடும். பென்சில் கரி கரையாது.

பேட்டரி மாத்துறதும் அப்படித்தான். என் இரண்டாவது சீசன்ல ஒரு கேமராவுக்கு பேட்டரி மாத்திட்டு மூடிட்டு வந்துட்டேன். பேட்டரியைக் கழட்டினதும் அதோட கடிகாரம் பழைய ஆரம்பத் தேதிக்கே போயிடும்னு தெரியாது, சரிபார்க்கவும் இல்ல. 23 நாள் கழிச்சு கார்டை எடுத்தா அருமையான படங்கள், ஆனா எல்லாத்துலயும் தப்பான வருஷம், தப்பான நேரம். எந்த மிருகம் எத்தனை மணிக்கு நடமாடுதுங்கிறதுதான் அந்த ஆய்வே, அந்த கேமரா மொத்தமும் அதுக்கு உதவாமப் போச்சு. நிறுத்துறப்போ என் கைக்கடிகாரத்தை லென்ஸுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டியிருந்தா வித்தியாசத்தை கணக்கு பண்ணி அத்தனையையும் சரி பண்ணியிருக்கலாம். அதுலேர்ந்து போட்டு முடிச்சதும் ஒரு தடவை, எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சிலேட்டுல கேமரா நம்பர், தேதி, நேரம் எழுதி பக்கத்துல கடிகாரத்தையும் வச்சு முன்னாடி காட்டாம நகர்றதே இல்ல. நீயும் அதைப் பழகிக்கோ. எதிர்ல இருக்குற புல்லையும் வெட்டிவிடு. அந்த சென்சார் சுத்துப்புறத்துக்கும் உடம்புக்கும் இருக்குற சூட்டு வித்தியாசம் நகர்றதைத்தான் பிடிக்குது, வெயில்ல சூடான புல் காத்துல ஆடினாலே ஆயிரக்கணக்குல வெறும் படம் எடுத்துத் தள்ளிடும். அதே காரணத்தால உச்சி வெயில்ல தரையும் மிருகமும் ஒரே சூட்டுல இருந்தா சிலதைத் தவறவிடும், அதையும் ஷீட்ல குறிப்பா எழுதலாம்.

லைன் நடக்கும்போது ஒரு விஷயத்துல கவனமா இரு. மிருகம் முதல்ல எங்க நின்னுச்சோ அந்த இடத்துக்குத்தான் தூரம் எடுக்கணும், உன்னைப் பார்த்து ஓடி நின்ன இடத்துக்கு இல்ல. காம்பஸ் கோணத்தை உத்தேசமா போடாத. 40 மீட்டர் தள்ளி, லைன்லேர்ந்து 8 டிகிரி விலகி ஒரு மான் நிக்குதுன்னா லைனுக்கும் அதுக்கும் நேர்க்குறுக்கு தூரம் அஞ்சரை மீட்டர் சொச்சம். 8 தானே, நேராத்தான் இருக்குன்னு சைபர் டிகிரி போட்டா அந்த மான் லைன் மேலயே நின்ன மாதிரி ஆயிடும். இப்படி நாலு பேர் நாலு தடவை போட்டா போதும், இல்லாத மானெல்லாம் கணக்குல முளைச்சுடும்.

ஒரு குளத்துல இறங்கிட்டு அதே பூட்ஸோட அடுத்த குளத்துல இறங்காத, இதை யாரும் உனக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. தவளைங்க தோலைத் தாக்குற கைட்ரிட்னு ஒரு பூஞ்சை இருக்கு, 1999லதான் அதுக்கு பேரே வச்சாங்க. 2019ல வெளியான ஒரு உலகக் கணக்கு, அதால 501 நீர்நில வாழ்விகள் இனம் குறைஞ்சிருக்கு, அதுல 90 இனம் அழிஞ்சே போயிருக்கலாம்னு சொல்லுது. சேறைத் தேய்ச்சு கழுவி, கிருமிநாசினி போட்டு, நல்லா காய வச்சுட்டுத்தான் அடுத்த தண்ணி. அவங்களைக் காப்பாத்தப் போற நாமளே நோயைச் சுமந்துட்டுப் போகக்கூடாதுல்ல.

எதிர்காலம் பத்தி உள்ளதை உள்ளபடி சொல்றேன். ஆரம்பம் கஷ்டம்தான், சீசன் வேலை, கான்ட்ராக்ட் முடிஞ்சா நடுவுல சில மாசம் சும்மா இருக்க வேண்டி வரும், சம்பளம் படிப்புக்கு ஏத்த மாதிரி இருக்காது. மிருகத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்காத, செடி கொடி அடையாளம் காணக் கத்துக்கோ, அது தெரிஞ்சவங்க ரொம்ப குறைவு. கியூஜிஐஎஸ்ங்கிற மென்பொருள்ல ஒரு மேப் போட, ஆர்ங்கிற புள்ளியியல் மென்பொருள்ல உன் டேட்டாவை நீயே ஓட்டிப் பார்க்கக் கத்துக்கோ, ரெண்டும் இலவசம். வண்டி ஓட்டத் தெரியணும், முதலுதவி சான்றிதழ் வாங்கி வை. தண்ணி, காத்துலேர்ந்து சாம்பிள் எடுக்குற சுற்றுச்சூழல் பக்கமும் எட்டிப் பாரு, அங்க நிரந்தர வேலை கொஞ்சம் அதிகம். அங்கயும் இதே ஒழுங்குதான், ஓடைல நீரோட்டத்தை எதிர்த்து நின்னு, உன் கால் கலக்காத தண்ணியை எடுக்கணும், தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனை அளக்க எடுக்குற பாட்டில்ல ஒரு குமிழிகூட நிக்கக்கூடாது, பாட்டில் யார் கைலேர்ந்து யார் கைக்கு எப்போ போச்சுன்னு கையெழுத்தோட இருக்கணும். ஒரு நோட்டுல இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் நடந்த, எத்தனை கேமரா போட்ட, என்ன கருவி பழகினன்னு எழுதிட்டே வா, அடுத்த வேலைக்கு போறப்போ அந்த நோட்டு பேசும். கூட வர்ற உள்ளூர் ஆளுங்க பள்ளிக்கூடமே போகாதவங்களா இருக்கலாம், ஒரு தடத்தைப் பார்த்து எப்போ போச்சு, எந்த வேகத்துல போச்சுன்னு சொல்லுவாங்க. அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுது, அவங்க பேரையும் ஷீட்ல எழுது.

வீட்ல கேக்குறதுக்கு மிருகப் படத்தைக் காட்டாத, அவங்க பயமே அதுதான். அவங்க கேக்குறது நீ பத்திரமா இருப்பியான்னுதான், அதுக்கு பதில் உன்கிட்ட இருக்கணும். தனியா போறதில்ல, எத்தனை மணிக்குள்ள கேம்ப்ல சொல்லணும், சொல்லலன்னா யார் தேடி வருவாங்க, பக்கத்துல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதெல்லாம் எழுத்துல இருக்கான்னு பாரு. வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போடுறாங்களா, இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளு, கேக்குறதுல தப்பே இல்ல. தினமும் திரும்பினதும் உடம்பு முழுக்க உண்ணி இருக்கான்னு பாரு, காட்டுக்கு போயிட்டு வந்து காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட காட்டுல வேலை பாக்குறேன்னு முதல்ல சொல்லு, அதைச் சொல்லாததால சாதாரண காய்ச்சல்னு நாள் கடத்தினவங்களை எனக்குத் தெரியும். மாசவிலக்கு நாள்ல நீண்ட லைன் முடியலன்னா முடியலன்னு சொல்லி மாத்தி வாங்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு போகாத, தண்ணி குடிக்காம அடக்கிட்டும் இருக்காத.

மெயில் அனுப்பினதும் எனக்கு ஒரு வரி போடு. அவர் திட்டினார்னாலும் என்ன சொன்னார்னு அப்படியே எழுது, அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போம்.